காய்ச்சலுக்குப் பயந்து பண்ணைக்காட்டுக்கு

மதுரையில் எங்கள் சந்தில் பதினாறு குடித்தனத்துக்கு ஒரே குழாய். ஐம்பத்தேழில் அந்தப் புதுக் காய்ச்சல் பரவியபோது, ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்காரன் கதவைச் சாத்துவான். வசதியுள்ளவர்கள் மலைக்குக் கிளம்பினார்கள். எனக்கு வசதி கிடையாது, பயம் நிறைய. மனைவி சரோஜாவையும் மூன்று வயது மகனையும் கூட்டிக்கொண்டு காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன்.

கொடைக்கானலில் குதிரை லாயத்தைக்கூட வாடகைக்கு விட்டிருப்பார்கள் போல. பஸ் நின்ற இடத்திலேயே ஒரு தரகர் பிடித்துக்கொண்டார்.

"சீசன் முடிஞ்சும் இங்க ஒரு ரூம் கெடையாது சார். கீழ பண்ணைக்காட்ல ஒரு வீடு கெடக்கு. வெரசாப் போனா உங்களுக்கு, இல்லேன்னா பின்னால வர்றவங்களுக்கு."

மாத வாடகை நாற்பது ரூபாய். காய்ச்சலுக்கு முன்னால் பத்துக்குப் போன வீடு என்று அவரே பெருமையாகச் சொன்னார். மறுபடி மலையிறங்கி, ஜீப் மாறி, சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தோம்.

காப்பித் தோட்டத்தின் ஓரமாக ஓட்டு வீடு, ஒரே அறை. ஒரு மாதமே தங்கினாலும் பால் காய்ச்சாமல் சரோஜா மூட்டையைப் பிரிக்க மாட்டாள். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும்போது, வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் ராக்கு, தோட்டத்தில் களையெடுப்பவள். பரணில் விட்டுப்போன கேப்பைப் பானையை எடுக்க வந்தாளாம்.

"பால் காய்ச்சுறீங்களாக்கா? பாத்து, அந்த அடுப்பு எடப்பக்கம் சாயும்."

"நீங்க எங்கம்மா இருக்கீங்க?" என்றாள் சரோஜா.

"காப்பி காயப்போடுற கொட்டாயில. காலையிலதான் மொதலாளி மாறச் சொன்னாரு. மதுரையிலேருந்து வர்றவங்க யாரா இருந்தாலும் கூடுதலாக் குடுப்பாங்கன்னு."

பால் பொங்கியது. முதல் தம்ளரைச் சரோஜா அவளுக்கே கொடுத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனாலும் மூட்டையைப் பிரித்தேன்.

மறுநாளே மகனுக்கு உடம்பு கொதித்தது. எதற்குப் பயந்து ஓடினோமோ, அதைத் தூக்கிக்கொண்டுதான் மலையேறியிருக்கிறோம். வெளியே விடாத மழை. ராக்குவின் கொட்டகைக்கோ ஒரு பக்கம்தான் சுவர். பையனுக்குத் தணிந்ததும் முதலாளியைப் பார்த்தேன். நாங்கள் ஊருக்குக் கிளம்புகிறோம், கொடுத்த வாடகை இருக்கட்டும், மாதம் முடியும்வரை வீட்டில் ராக்குவே இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். பெரிய மனுஷன் மாதிரி நானே போய் அவளிடம் சாவியை நீட்டினேன்.

அவள் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"வேணாங்கய்யா. காய்ச்சலு கெடந்த வீட்ல எம்புள்ளைய எப்பிடிப் படுக்கப் போடுவேன்?"

கூசிப் போய்த் திரும்பினேன்.

என்னைப்போல் மலையில் வீடு தேடுகிறவர்களுக்கு: தரகர் காலி வீடு என்றால் நம்பாதீர்கள். நேற்று இதில் யார் படுத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் தெருவில் காய்ச்சல் இருந்தால் கிளம்பவே கிளம்பாதீர்கள். திரும்பி வர, வத்தலக்குண்டுக்குக் காலை எட்டரைக்கு பஸ் உண்டு. நாங்கள் அதில் ஏறியபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. ராக்கு கொட்டகையில் நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.