துணி போட்டு மூடிய கேஸ் அடுப்பு

மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், எரிகிற புகைக்கு ஒரு வாசம் உண்டு. மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் வந்துதான் இறங்கும். எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்த அந்த வருஷம், செஞ்சியில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான்...

இத்தனைக்கும் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. இரண்டு பர்னர். எங்கள் தெருவிலேயே அதுதான் முதல். குவைத்துக்கு வேலைக்குப் போன சவரி அண்ணன், முதல் வருஷச் சம்பளத்தில் அம்மாவுக்காக வாங்கிக் கொடுத்தது.

பிறகு குவைத்துக்குள் பட்டாளம் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அண்ணனிடமிருந்து கடிதம் நின்றது.

ரேடியோவில் சேதி கேட்ட அன்றைக்கே அம்மா சிலிண்டரை மூடினாள். அடுப்பின் மேல் வெள்ளைத் துணியை விரித்து, ரெகுலேட்டரில் ஒரு ஜெபமாலையை மாட்டினாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாளாம்.

"அவன் வாங்கிக் குடுத்த அடுப்பு. அவன் நல்லபடியா வந்து அவன் கையால பத்த வெக்கட்டும். அதுவரைக்கும் இது எரியக் கூடாது."

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவும் மாதாவும் சேர்ந்து முடிவெடுத்த விஷயத்தில் அவர் தலையிடுவதே இல்லை.

சண்டை எங்கேயோ நடந்தது, ஆனால் இங்கே ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் பாதியாகக் குறைந்தது. வெளியே வாங்கினால் யானை விலை. சிலிண்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஜனம் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தது. கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மனைவி ஒருநாள் வந்து, எங்கள் அடுப்பைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"ஊரே சிலிண்டருக்கு நாயா அலையுது. நீங்க இன்னாக்கா, சாமி படம் மாதிரி மூடி வெச்சிருக்கீங்க? எனக்காவது குடுங்க, இன்னா வெலனாலும் தர்றேன்."

"அது என் புள்ளைக்கு வெச்சிருக்கறதும்மா" என்றாள் அம்மா. கடைக்காரர் மனைவி போகும்போது அடுப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

வேலிகாத்தான் விறகு, மல்லாட்டைத் தோல், தென்னை மட்டை... கிடைத்ததையெல்லாம் எரித்தோம். ஊதி ஊதி எனக்கு இருமலே வந்துவிட்டது. அம்மாவின் மேல் கோபம் கோபமாக வரும். ஆனால் அவள் தினமும் தபால்காரரைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற முகத்தைப் பார்த்தால் வாய் திறக்க முடியாது.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. விறகெல்லாம் நனைந்து போயிற்று. மண்ணெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை. நைனாவுக்கு அனலாக ஜுரம், காலையிலிருந்து வெறும் வயிறு. அம்மா கோயிலில் ஜெபமாலை சொல்லப் போயிருந்தாள்.

அரைமணி நேரம் ஊதிப் பார்த்தேன். புகைதான் வந்தது.

பிறகு ஜெபமாலையைக் கழற்றினேன்...

கஞ்சி கொதிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நைனா குடித்துவிட்டுத் தூங்கினார். துணியை அதே மடிப்பில் போட்டேன், மாலையை அதே பக்கம் மாட்டினேன். கோயிலிலிருந்து வந்த அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தப்பிக்கவில்லை. அடுத்த வாரமும் கடிதம் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. அண்ணனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என்னால்தான் என்று முடிவே செய்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் பயம். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

ஒரு மத்தியானம் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து தாடியும் ஒற்றைப் பையுமாக அண்ணன் வந்து இறங்கினான். பாதியாக இளைத்திருந்தான். பாலைவனம், கூடாரம், விமானம் என்று என்னென்னவோ தாண்டி வந்திருந்தான்.

அம்மா அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து துணியை எடுத்தாள். தீப்பெட்டியை அண்ணனிடம் கொடுத்தாள். இரண்டு குச்சி வீணாயிற்று. அம்மா தீப்பெட்டியை வாங்கி என் பக்கம் நீட்டினாள்.

"நீ பத்த வைடி. உனக்குத்தான் கை பழகி இருக்குதே."

நீட்டிய கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ கஞ்சி வெச்ச சட்டி அடியில துளி கரி இல்ல. நான்தான கழுவுனேன்" என்றாள், சாதாரணமாக.

"அப்புறம் ஏம்மா என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா மாதா காதுல விழும்டி. அதான் கேக்கல."

அடுப்பு நீலமாக எரிந்தது. அண்ணன் அன்றைக்கு மூன்று டம்ளர் காபி குடித்தான்.

அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இப்போது மறுபடியும் அந்தப் பக்கம் சண்டை. சிலிண்டர் விலை மறுபடியும் ஏறிவிட்டது, புக் பண்ணினால் எப்போது வரும் என்று தெரியவில்லை. மல்லாட்டைத் தோல் எரிக்க இப்போது விறகடுப்பும் இல்லை. கரண்ட் அடுப்பில் பாதி, கேஸில் பாதி என்று சமையல் ஓடுகிறது.

என் மகன் கத்தாரில் இருக்கிறான். கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, தினமும் வீடியோவில் வருகிறான். "அங்க கேஸ் கெடைக்குதாம்மா?" என்று என்னைக் கேட்கிறான். பேசி வைத்த பிறகும் அவன் கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அம்மா தபால்காரரைப் பார்த்த மாதிரிதான்.

அவன் ஊர் வந்து சேரும்வரை காபி குடிப்பதில்லை என்று நானும் நேர்ந்துகொண்டேன். எனக்குக் காபி என்றால் உயிர்.

நேற்று பக்கத்து வீட்டில் பேச்சு சுவாரஸ்யத்தில், கொடுத்த டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டேன். பாதி குடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து, எங்கே மூலையில் உட்கார்ந்து அழப் போகிறேனோ என்று பயந்தேன். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது, அழவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் என்னை ஒன்றும் கேட்காதீர்கள். மாதா காதில் விழும்.