நன்னாரி இருந்த கரடு

ஸ்ரீரங்கத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பின்கட்டில் உட்கார்ந்து வேர், இலைகளைத் தரம் பிரித்துப் பொட்டலம் போடுவது என் வேலை. முன்னால் நின்று ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம்.

சமயபுரத்துக்கு வடக்கே ஒரு கிராமத்திலிருந்து வாரம் ஒருமுறை நன்னாரி வேர் கொண்டுவருவாள் ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது இளையவள், கணவன் இல்லாதவள். அவளிடம் மட்டும் எனக்குக் கூச்சம் வரவில்லை. அந்த வேரில்தான் எங்கள் கடை நன்னாரி டீ பாக்கெட் போட்டு விற்றது. பாக்கெட்டில் 'காட்டுக்குக் கேடு இல்லாமல் எடுத்தது' என்று பச்சை எழுத்தில் இருக்கும். அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னயப் பத்தித்தான் போட்டுருக்காங்க. போட்டோவ மட்டும் விட்டுட்டாங்க பாருங்கக்கா" என்று சிரித்தாள்.

ஒரு ஆடி வெள்ளியன்று சமயபுரம் கோயிலுக்குப் போயிருந்தபோது, அவளே என்னைத் தன் ஊர்ப் பக்கம், தான் வேர் எடுக்கும் கரட்டுக்கு, அந்தக் கல்லுக்குன்றுக்கு அழைத்துப் போனாள். கொடியின் ஒரு பக்கம் மட்டும் தோண்டி, பக்கவேர் இரண்டை அறுத்தாள். தூரைத் தொடவில்லை. மண்ணை மூடி மிதித்து, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினாள். இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் அந்தக் கொடிக்குத் திரும்ப வருவாளாம்.

"கடை ஆளுங்க யாரையும் இங்க கூட்டியாந்ததில்ல. நீங்கதான் பேசவே மாட்டீங்களே" என்றாள்.

போன வருடம் டீ நன்றாக ஓட ஆரம்பித்தது. முதலாளி இரண்டு மடங்கு வேர் கேட்டார்.

"செடி குடுத்தாத்தானுங்க நான் குடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

முதலாளி எரிச்சலோடு பின்கட்டுக்கு வந்தார். "அந்தம்மா எங்கேருந்துதான் எடுக்குது? யாருக்காச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடையில் யாரும் கேட்டு நான் பதில் சொன்னதே கிடையாது. அன்றைக்குச் சொன்னேன். எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுவரை சொன்னேன். "பரவாயில்லையே, விவரமாத்தான் இருக்க" என்றார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

பத்தே நாளில் முதலாளி அனுப்பிய ஆட்கள் ஒரு டெம்போவில் மூட்டைகளைக் கொண்டுவந்தார்கள். நான்தான் பிரித்தேன். விரல் கனத்துக்கு வேர்கள், தூரும் கொடியும் ஒட்டியிருந்தன. கடப்பாரையில் நெம்பியிருக்கிறார்கள். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அவற்றையும் அதே பச்சை எழுத்துப் பாக்கெட்டில் போட்டேன்.

மறுவாரம் அவள் வெறும் பையோடு வந்தாள். மூட்டைகளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"கரட்டக் காட்டிக் குடுத்தது எங்க கொழுந்தனாருதான்க்கா. ஆடு மேய்க்க அந்தப் பக்கம் வர்றது அவரு ஒருத்தருதான். ஊரு நடுவுல நிக்க வச்சுக் கேட்டுட்டேன். இல்லவே இல்லன்னு சாதிக்கிறாரு. இனி அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கையில் இருந்த வேரைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். "தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அதன்பிறகு அவள் வரவில்லை. சமயபுரத்தில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஏழு மாதம் கழித்துப் போனேன். லாட்ஜுக்குப் பின்னால் போர்வைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. வழி தெரிஞ்சிதா?" என்று முகம் மலர்ந்து கேட்டாள். அதற்குமேல் தாமதித்தால் பேச்சு வராது என்று, முதலாளிக்கு வழி சொன்னது நான்தான் என்பதை நின்றபடியே சொல்லிவிட்டேன்.

கையில் இருந்த போர்வையைக் காயப்போடாமல் திரும்ப வாளியில் போட்டாள்.

"கொழுந்தனாரு பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் போகலக்கா. பக்கத்து வீடு. மேளச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உள்ளயே படுத்துக் கெடந்தேன்" என்றாள்.

என் கையைத் தொடாமல், "எங்கூட வந்து அவருகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா பத்தாது" என்றாள்.

பஸ்ஸில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஊரில் அவள் கொழுந்தனார் ஆட்டுப்பட்டிக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேர் எதிரில் நான் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. இடத்தைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்றேன். "சத்தமாச் சொல்லும்மா" என்றார் ஒருவர். மறுபடியும் சொன்னேன்.

கொழுந்தனார் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார். "புள்ள உன்னயத்தான் தேடுச்சு, தாலி கட்டுறப்ப" என்றார்.

அவள் சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நானாகவே ரோட்டுக்கு நடந்தேன். வழியில் அந்தக் கரடு. குழிகள் இன்னும் மூடாமல் கிடந்தன.