சிவப்பாய் நின்ற ஒரு கணினி

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பவனை எல்லோரும் 'வயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாலும் அவன்தான் இருப்பான். அதே தளத்தில் ஜன்னலோரமாக அமர்ந்து விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்பவள் அவனுடைய அக்கா. தாயில்லாத தம்பியைப் படிக்கவைத்து, கெஞ்சிக் கூத்தாடி இங்கே வேலைக்கும் சேர்த்துவிட்டவள்.

அக்காவின் கண்கள் மங்கிக்கொண்டே வந்தன. அது தம்பி ஒருவனுக்குத்தான் தெரியும். திரையில் எழுத்துகளை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, இடமும் வலமுமாக நகர்த்தி, தட்டுத்தடுமாறி வேலையை முடிப்பாள்.

"எத்தனை நாளைக்குக்கா மறைப்ப?"

"உனக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும். அப்புறம் பொண்ணு அழகான்னு என்கிட்ட கேக்காத, அவ்வளவுதான்" என்று சிரிப்பாள். அவனால் சிரிக்க முடியாது.

ஒரு நாள் மேலாளர் அவனை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"எல்லார் கம்ப்யூட்டர்லயும் ரிமோட் சாஃப்ட்வேர் போட்டுடு. யார் ஸ்கிரீன வேணும்னாலும் நான் இங்கேருந்தே பாக்கணும். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"சொல்லிட்டுப் போடறதுதான் சார் முறை."

"முறையெல்லாம் எனக்கும் தெரியும்ப்பா. ஆளக் குறைன்னு மேல கழுத்தப் பிடிக்கறாங்க. யாரு ஒப்பேத்தறான்னு பாத்தாதான அனுப்ப முடியும்?"

வயர் தன் இடத்தில் அமர்ந்தபடியே வேலையைத் தொடங்கினான். யார் நாற்காலியையும் நகர்த்தச் சொல்லவில்லை. வலையமைப்பு வழியாகவே ஒவ்வொரு கணினிக்குள்ளும் மென்பொருள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அக்காவின் கணினியை மட்டும் விட்டுவிட்டான். இத்தனை கணினிகளில் ஒன்று குறைந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆனால் பழக்கம் கையைப் பிடித்துவிட்டதே, என்ன செய்வது! எதைப் பொருத்தினாலும், பழுதானது முதலில் தெரியும்படி அமைப்பது அவன் வழக்கம். மேலாளரின் கணினியில் வரும் பட்டியலையும் அப்படியே அமைத்துக் கொடுத்திருந்தான். அவர் அதைத் திறந்தபோது மென்பொருள் ஏறிய கணினிகளெல்லாம் பச்சையாக இருக்க, உச்சியில் ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது.

"இது யாரோடது?"

"பழைய மெஷின் சார். ஏத்துக்க மாட்டேங்குது."

"எங்க, என் முன்னாடி போடு."

அவர் அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்தினான். சிவப்பு பச்சையானது. மேலாளர் அதைத் திறந்தார். விண்ணப்பத்தில் இருந்த யாரோ ஒருவரின் பெயரில் பாதி மட்டும் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. அது மெதுவாக நகர்ந்தது, நின்றது, வழி தவறியதுபோல் மறுபடியும் பின்னால் வந்தது.

மேலாளர் கதவைத் திறந்து ஜன்னலோர மேஜையைப் பார்த்தார்.

"உங்க அக்காவா?"

அவன் தலையசைத்தான்.

"இனிமே வர வேண்டாம்னு நீயே சொல்லிடறியா? நான் சொன்னா நல்லா இருக்காது."

வயர் ஜன்னலோர மேஜைக்குப் போய், அக்காவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கைகள் விசைப்பலகை மேலேயே கிடந்தன.

"நீதான் போட்டியா?"

"ஆமாக்கா."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லக்கா" என்றான்.

"அது போதும். போ, எல்லாரும் பாக்கறாங்க."

அன்று மாலையே கணினியில் அக்காவின் கணக்கை நீக்கும்படி அவனுக்கு உத்தரவு வந்தது. எழுந்து அந்த மேஜை வரை அவன் போகவில்லை. தன் இடத்தில் இருந்தபடியே அதையும் செய்து முடித்தான்.