சிவந்த ஓஸ்தி

ஓஸ்தி சுடும் இரும்பு இடுக்கி இப்போது என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. நீளமான இரண்டு கைப்பிடி, நுனியில் இரண்டு வட்டத் தகடு. ஒன்றின் உட்புறம் சிலுவை செதுக்கியிருக்கும். கரைத்த மாவை ஊற்றி மூடி நெருப்பில் காட்டினால் பூசைக்குரிய வெள்ளை அப்பம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் கடற்கரைக் கோயிலுக்கு ஓஸ்தி சுட்டவள் என் அம்மா. இடுக்கியைத் தொட்டால் அவளோடு எங்கள் பங்குச் சாமியாரும் நினைவுக்கு வந்துவிடுவார்.

அவர் லேசில் எதையும் நம்பமாட்டார். மாதா சுரூபம் வியர்க்கிறது என்று ஓடிப்போய்ச் சொன்னால், ஏணி போட்டு ஏறி ஓடு ஒழுகுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். "நம்ம கூரைய ஒழுக வச்சு வேடிக்க காட்டணும்னு சர்வேசுரனுக்கு என்ன தலவிதியா மக்கா?" என்பார். ஊர்க் கிழவிகள் அவரை முக்கால் கிறிஸ்தவராகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள்.

அப்பாவைக் கடல் கொண்டுபோய் ஓராண்டு முடிந்த ஆனி மாதம். உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெறாமல் போன மனிதரின் ஆத்துமா எங்கே கிடந்து வேகிறதோ என்பதே அம்மாவின் இரவும் பகலும். அவளுக்கென்று இருந்தது அவருக்காக வைத்த ஆண்டுப் பூசை ஒன்றுதான். அதில் ஆண்டவரின் உடலாக எழுந்தேற்றிய பெரிய ஓஸ்தியைச் சாமியார் நற்கருணைப் பேழையில் வைத்துப் பூட்டினார். வெளியே சாரல் விடாமல் பெய்தது. ஞாயிறு மாலை ஆசீர்வாதத்துக்காகப் பேழையைத் திறந்தபோது, ஓஸ்தியின் நடுவே சிவப்பாகத் துளித்துளியாய்ப் படர்ந்திருந்தது.

"ஆண்டவருக்க ரெத்தம்!" என்று யாரோ அலற, கோயிலே முழங்காலில் விழுந்தது. இருட்டுவதற்குள் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சுட்ட கை என்று அம்மாவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஏட்டி, ஒனக்க மாப்பிள மோச்சம் சேந்தாச்சு. இதுக்குமேல என்ன அடையாளம் வேணும்?" என்றாள் மாமி. அன்றைக்குத்தான் அம்மா வயிறார உண்டதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் சாமியார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "மவளே, மழக்காலத்துல பழஞ்சோத்துலயும் இந்தச் செவப்பு பிடிக்கும், நான் கண்டிருக்கேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. மாவு முழுக்க கோதும தானா?"

மழையில் கோதுமை மாவு வந்துசேரவில்லை. நாங்கள் மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்கைத்தான் தின்றுகொண்டிருந்தோம். அதுவும் வெள்ளைதானே என்று அம்மா அந்த மாவைக் கலந்துவிட்டாள். கேட்ட தோரணையிலேயே விஷயம் பெரிது என்று அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அதிசயம் நிலைத்திருக்கும்.

"பாதிக்கு மேல மரச்சீனி மாவு, சாமி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கோதும அப்பம் இல்லேன்னா பூச செல்லாது, மவளே. ஒனக்கு அதச் சொல்லித் தராதது எனக்க குத்தம்."

"அப்போ எனக்க மாப்பிளைக்கு வச்ச பூச?"

"அது பூசயா ஆவல்ல மவளே."

அந்த மனிதரை நான் அன்று வெறுத்தேன். அம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"அது ரெத்தமில்ல, பூசணம். மாவச் சோதிக்காதது நான்" என்று சாமியார் கோயிலில் சொன்னார்; அம்மாவின் பெயரை எடுக்கவில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கையில் வந்த அதிசயத்தைப் பறிகொடுத்த ஆத்திரத்தில், இடுக்கியை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று பெரியவர்கள் கிளம்பினார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சாமியார் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ வாங்கிய கோதுமை மாவைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு வந்து, தாம் மட்டும் முழுக்க நனைந்திருந்தார்.

"நாளைக்கு இவளுக்க மாப்பிளைக்குப் பூச. இவதான் சுடணும்" என்றார். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

இப்போது நகரத்திலிருந்து இயந்திர ஓஸ்தி டப்பாவில் வருகிறது. இடுக்கியைக் கோயிலில் காட்சிக்கு வைக்க இளம் சாமியார் ஒருவர் கேட்டார். தர மனமில்லை. நேற்றும் அதை இறக்கித் துருவைத் துடைத்தேன். சிலுவைக் கோடு இன்னும் மழுங்கவில்லை. அன்று அம்மா முழுக்கக் கோதுமையில் சுட்டு, மறுநாள் அப்பாவின் பூசையில் எங்கள் பழைய சாமியார் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஓஸ்தியிலும் இதே கோடுதான் தெரிந்தது. துளி சிவப்பு இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அப்போதுதான் அம்மா உடைந்து அழுதாள். என் தோளைப் பிடித்து, "வெள்ளையாத்தான் இருந்துச்சு, பாத்தியாட்டி?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.