பரவாகில்லா என்று சொன்னேன்

எங்கள் சந்து முனையில் இருக்கும் காலி மனையில் தினமும் காலையில் குப்பை எரியும். குப்பை வண்டி சந்துக்குள் வராது. வீடுகளில் சேர்ந்ததை அங்கே கொட்டுவார்கள், யாராவது தீ வைப்பார்கள். மகளுக்கு மூன்று வயது. மூச்சு இழுக்கும்போது அவள் விலாவுக்குக் கீழே குழி விழும்.

பல மாதம் புகார் அனுப்பிய பிறகு வார்டு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். மனையை ஒட்டி ஓர் அக்கா குடியிருக்கிறார், வீட்டு வேலைக்குப் போகிறவர். அவருடைய மாமியாருக்கு ஓயாத இருமல். அரை நாள் லீவு போட்டு என்னோடு வந்தார்.

"நான் பேசினா சண்டைக்கு வந்துட்டாள்னு சொல்வாங்க. நீ படிச்ச பொண்ணு, பதமா சொல்லு."

புகையையும் மகளின் மூச்சுத் திணறலையும் பதமாகத்தான் சொன்னேன். கூட்டத்தில் கன்னடத்தில்தான் பேச வேண்டும்; அதைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மல்லேஸ்வரத்தில் என் மாமியார் தெருவுக்குத் தினமும் வருகிற வண்டி எங்களுக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்றும் கேட்டேன். கூட்டத்தை நடத்திய வார்டு இன்ஜினியர் தலையாட்டிவிட்டு, "மகு ஈக ஹேகிதே?" என்றார். குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நலம் விசாரிப்பவரிடம் வேறென்ன சொல்வது? "பரவாகில்லா சார்" என்றேன். அம்மா போனில் கேட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

அவர் பக்கத்தில் இருந்த கிளார்க் ஏதோ எழுதி நோட்டை என் பக்கம் திருப்பினார். கன்னடம் எனக்குப் பேச வரும், படிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மறு வாரம் போனில் செய்தி வந்தது: புகார் முடிக்கப்பட்டது. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். கிளார்க் அந்த வரியைப் படித்துக் காட்டினார். தொந்தரவு ஏதும் இல்லை என்று புகார்தாரரே தெரிவித்தார்.

"நீவே ஹேளித்ரல்வா மேடம்?" என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று, சாதாரணமாகத்தான் கேட்டார். புதிதாகப் புகார் கொடுத்தால் மூன்று மாதம் கழித்து நடக்கும் அடுத்த கூட்டத்தில் எடுப்பார்களாம். சரி என்றேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"உன் மரியாதைக்கு எங்க மாமியார் இன்னும் மூணு மாசம் இருமணும், அப்படித்தானே?"

பையைத் துழாவிப் பேனாவை எடுத்தேன்.

"எழுதும்மா. இந்த வாட்டி நான் பேசறேன்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். புகை கிளம்பும் நேரத்தில் ஜன்னல்களைச் சாத்தி, மகளின் முகத்தில் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். அக்கா வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. கதவு ஒன்றுதான், அதுவும் மனைப் பக்கம்.