சம்பந்தி மாமிக்கு ஒரு காக்டெயில்

ரிசப்ஷனில் காக்டெயில் கொடுக்கப் போகிறோம் என்று என் பெண் சொன்னபோது, கையிலிருந்த காபி புடவையில் கொட்டாதது என் அதிர்ஷ்டம்.

"மயிலாப்பூர்ல, கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்துல காக்டெயிலா? பேஷ்! மானத்தை வாங்கிடுங்கோ!" என்று எகிறினேன்.

"ஐயோ அம்மா, சொட்டு சாராயம் கிடையாது. பேர்தான் அது. நம்மாத்துக் கல்யாணத்துக்குன்னு தனியா ஒரு டிரிங்க். நானே பண்ணப்போறேன்."

அப்புறம் சமையலறை என் கையை விட்டுப் போயிற்று. நன்னாரி, இஞ்சி, எலுமிச்சை, சோடா என்று கலந்து கலந்து என் வாயில் ஊற்றினாள். இவர் எல்லாவற்றையும் 'பிரமாதம்' என்றார். அந்த மனுஷரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

அவள் இத்தனை மெனக்கெட்டது விருந்தாளிகளுக்காக இல்லை, மாமியாருக்காக. அந்த மாமிக்கு நன்னாரி உசிர் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். நிச்சயதார்த்தம் ஆகியும் மாமி இவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். மாமி என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு காபி சாப்பிடுவாளா, கேளுங்கோ" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவாளுக்கு என்னைப் பிடிக்கலையோ அம்மா?" என்று பெண் ஒருநாள் கண்கலங்கினாள்.

ரிசப்ஷன் அன்று, அகலவாய்க் கண்ணாடிக் கோப்பையில் ஐஸும் புதினாவும் மிதக்க, ஒரு ஸ்ட்ராவும் செருகி, தட்டில் வைத்து, மணப்பெண்ணே மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசையில் இருந்த மாமியாரிடம் நீட்டினாள். மாமி ஸ்ட்ராவை எடுத்துத் தட்டில் வைத்தார். எங்கள் மனுஷர்கள் எதையாவது உதட்டில் வைத்துக் குடிப்பார்களா? கோப்பையைத் தூக்கி, அண்ணாந்து ஒரே சாய்ப்பு.

ஐஸ் மொத்தமும் மூக்கில் விழுந்தது. சர்பத் கழுத்து வழியாக அரக்குப் பட்டில் இறங்கியது. நெற்றியில் புதினா. எனக்கு உயிர் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து என் பெண் 'களுக்'கென்று சிரித்துத் தொலைத்தாள். தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிரிப்பு வேறயா? இதை எப்படித்தான் குடிக்கறது? நீ குடிச்சுக் காட்டு, பார்ப்போம்."

என் பெண் இன்னொரு கோப்பையை எடுத்து, ஸ்ட்ராவில் ஒரு வாய் உறிஞ்சினாள். மாமி சட்டென்று அந்தக் கோப்பையைப் பிடுங்கி, அதே ஸ்ட்ராவில் வாயை வைத்தார். எச்சில், பத்து என்று ஆசாரமெல்லாம் பார்க்கிற மனுஷி! கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நன்னாயிருக்கு. வா, என்னோட வந்து புடவையை அலசிக் கொடு" என்று அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

மேடையில் மாப்பிள்ளை தனியாக நின்றார். போட்டோக்காரர் பெண் எங்கே என்று கத்தினார். கத்தட்டும் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.