வேண்டுதலில் சேராத கருப்பட்டி

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரமே பெரியபாளையத்து அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். இனி அவர் வெள்ளைச் சர்க்கரையைத் தொடமாட்டார். அவர் கண்ணுக்கும் காலுக்கும் கேடு வராமல் நீ பார்த்துக்கொள். ஆடியில் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு உன்னைச் சுற்றி வருகிறேன் என்று. வேண்டியது நான், விடவேண்டியது அவர். அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கே சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த இயற்கை அங்காடியில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் வாங்கினேன். "சுகர் இருக்கறவங்க தாராளமா சாப்டலாம்மா" என்று கடைக்காரர் சொன்னார். போனில் வந்த வீடியோக்களும் அதையே சொல்லின. எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கருப்பட்டி வேண்டுதலில் சேராது, அது மருந்து என்று முடிவு செய்துவிட்டேன். தெருவில் சர்க்கரை உள்ள வீடுகளுக்கெல்லாம் நானே போய்ப் பாடம் எடுத்தேன்.

காலையில் ஒரு டம்ளர், வேலை முடிந்து வந்ததும் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. கருப்பட்டிக் காபியை நானே முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் நீட்டுவேன். "இனிப்பு சரியா கீதா?" என்று கேட்பேன். "கீது" என்பார். அவர் பேசுவதே அவ்வளவுதான்.

அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் வேலை. ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டார். பஸ் ஏறி மில் வாசலுக்குப் போனேன். எதிர்க் கடையில், ஷிப்டு முடித்த ஆட்கள் நடுவே, கையில் கண்ணாடி கிளாசோடு நின்றுகொண்டிருந்தார். சர்க்கரை போட்ட டீ.

கிளாசைப் பிடுங்கி அவர் ஷூ மேலேயே ஊற்றினேன். "அம்மனுக்கு நேந்துகினது தெரியும்ல? காலு அழுகிப்போனா யாரு கழுவறது, இந்தக் கடைக்காரரா? பொண்டாட்டிக்குத் தெரியாம திருட்டு டீ குடிக்கிற, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டேன். இருபது பேராவது நின்றிருப்பார்கள். யாரோ சிரித்தார்கள். அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாத்திரை அட்டையை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு பஸ் ஏறினேன். பொய் சொல்லக் கூடாது, வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கப்புறம் அவர் வெளியில் டீ குடித்ததே இல்லை. அது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. அதுவரை நான் நம்பவில்லை, ஏனென்றால் ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை, ஏறியது. வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கும் மிஷின் வாங்கியிருந்தேன். எண் கூடும்போதெல்லாம் அவரைத்தான் பிடித்துக்கொண்டேன். "எங்க குடிச்ச? இன்னா துன்ன? சொல்லு." விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். தவிட்டுக்கு வந்த கை தனத்துக்கும் வரும் என்பார்கள். டீக்குப் போனவர் இப்போது ஸ்வீட் கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். டீக்கடைக்காரருக்குப் போன் போட்டும் விசாரித்தேன். "அவுரு இந்தப் பக்கமே வர்றதில்லமா" என்றார். இவரும் கூட்டுக்களவாணி என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் வாய்க்கு நிறைவாகக் கிடைத்தால் வெளியில் அலையமாட்டார் என்று கணக்குப் போட்டேன். காபியில் இன்னும் கொஞ்சம் கருப்பட்டி கூடியது. சாயந்தரத்துக்குத் தேன் விட்டுத் தினை உருண்டை. பிசையும்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் பிசைந்தேன்.

ஆடியில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். அடுத்த மாதமே ஒரு நாள் அவர் ஷூவைக் கழற்றியபோது காலுறை கருஞ்சிவப்பாக இருந்தது. ஷூவுக்குள் ஒரு இரும்புச் சில்லு. ஒரு ஷிப்டு முழுவதும் அதன்மேல் நின்றிருக்கிறார், கால் மரத்துப்போனதில் உறைக்கவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன், ஆறவில்லை. திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு விரல் கறுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கட்டு மாற்ற வந்த டாக்டர் சின்னப் பெண். சாப்பாடு என்ன என்று கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னேன், பெருமையாகத்தான். "வெள்ளைச் சர்க்கரை எங்க வீட்டு வாசப்படியே மிதிக்காது" என்று முடித்தேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"கருப்பட்டியும் சர்க்கரைதாம்மா. நாட்டுச் சர்க்கரையும் அதான், தேனும் அதான். உள்ள போனா எல்லாமே ரத்தத்துல ஏத்தும். தினமும் இவ்ளோ குடுத்தீங்களா?"

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அவள் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு அவரைப் பார்த்தேன். அவரும் அதிர்ந்துபோயிருப்பார் என்று எதிர்பார்த்தேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகப் படுத்திருந்தார்.

"கேட்டியா அவ சொன்னத?" என்றேன்.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"மில்லுல மெடிக்கல் டெஸ்ட்டு எடுத்தாங்க, அப்பவே அந்த டாக்டர் சொல்ட்டாரு. கருப்பட்டி வாணாம், எல்லாம் ஒன்னுதான்னு. ஒரு வருசம் ஆவுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"டீக்கடைல அத்தினி பேரு முன்னாடி நீ பேசினப்பறம் உங்கிட்ட பேச எனக்கு இன்னா கீது? நீ மருந்துன்ன. சரி, நீயே குடு, இன்னா ஆவுதுன்னு நீயே பாருன்னு குடிச்சிகினு இருந்தேன்."

ஒரு வருடம். ஒவ்வொரு டம்ளரையும் தெரிந்தே குடித்திருக்கிறார். விரலை நீட்டி, குத்து வாங்கி, திட்டு வாங்கி, அடுத்த டம்ளரையும் வாங்கிக் குடித்திருக்கிறார். என்னைத் தண்டிக்க அவருக்கு அவருடைய கால்தான் கிடைத்தது. அந்தக் காலுக்காகத்தான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மில்லில் பழைய வேலை போய்விட்டது. இப்போது வீட்டில் வெறும் காபிதான், இனிப்பென்று எதுவும் கிடையாது. கொண்டுபோய்க் கொடுத்தால் முதல் வாயைக் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நீட்டுகிறார். ஒரு நாள்கூட மறப்பதில்லை.

"இனிப்பு சரியா கீதான்னு பாரு" என்கிறார்.

நான் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "கீது" என்கிறேன்.